முன் சக்கரத்தைத் தூக்கும் கதை

மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புவது பெரிய வேலை இல்லை. சென்டர் ஸ்டாண்டை மிதித்துக்கொண்டு பின்பக்கக் கம்பியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும். முன் சக்கரம் அப்படி எழும்பாது. அதற்குச் செங்கல் வேண்டும், கட்டை வேண்டும், பின்னால் உட்கார ஓர் ஆளும் வேண்டும். வீட்டு வாசலில் வண்டியைச் சுத்தம் செய்து எண்ணெய் போடுகிறவர்கள்கூட முன்பக்கம் என்றால் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் வசதியை வண்டியோடேயே செய்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்று எழுதலாமென்று தோன்றியது. நம் வயதுக்காரர்களில் பலர் ஒரு காலத்தில் புல்லட்டோ ராஜ்தூத்தோ ஜாவாவோ ஓட்டியவர்கள்தான். அவர்களுக்கு இது பழைய கதை. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

கதை பாரிஸில் தொடங்குகிறது. 1897-ல் அங்கே மிஷேல் வெர்னர், யூஜேன் வெர்னர் என்று இரு சகோதரர்கள் இருந்தார்கள். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஒரு சைக்கிளை எடுத்து அதில் சிறிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, அதற்கு ‘மோட்டோசிக்ளெத்’ என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு மொழியில் மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் போன பிறகும் அந்த வழிப் பள்ளிகள் தொடர்ந்து நடந்தன. ஆகவே எனக்கு இந்தச் சொல், ‘மோட்டார் சைக்கிள்’ என்ற சொல்லுக்கு முன்பே பழக்கம்.

வெர்னர் சகோதரர்கள் எஞ்சினை வைத்த இடம்தான் நமக்கு முக்கியம். முன் சக்கரத்துக்கு நேர் மேலே, கைப்பிடிக்கு முன்னால் வைத்தார்கள். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் முன் சக்கரத்தைச் சுழற்றியது. பாரம் முழுக்க முன்னால், அதுவும் உயரத்தில். மழை பெய்து தெரு ஈரமாக இருந்தால் வண்டி சறுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அந்த எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்க ஒரு சூடான குழாய் இருந்ததால், விழுந்த வண்டி தீப்பிடிப்பதும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குவதென்றால் எஞ்சினையே தூக்குவதாகும்.

1901-ல் அவர்கள் எஞ்சினை இறக்கி, சைக்கிளில் பெடல் இருக்கும் இடத்தில், சட்டத்தின் நடுவில் வைத்தார்கள். இன்று நம் வாசலில் நிற்கும் எந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தாலும் எஞ்சின் அங்கேதான் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால் வண்டி ஓட்டத்தில் நிதானம் பெற்றது. வீட்டில் வேலை பார்ப்பவனுக்கும் ஒரு லாபம் கிடைத்தது. பாரம் நடுவில் வந்ததால் நடுவில் ஒரு தாங்கல் கொடுத்துவிட்டு, முன்னோ பின்னோ எந்தப் பக்கத்தையும் லேசாகத் தூக்க முடிந்தது.

முன்னால் எஞ்சின் வைக்கும் பழக்கம் பிரான்ஸில் முற்றிலும் போய்விடவில்லை. 1946-லிருந்து வெலோசொலெக்ஸ் என்ற வண்டி விற்பனைக்கு வந்தது. கறுப்பு நிறம். முன் சக்கரத்தின் மேல் ஒரு குட்டி எஞ்சின் உட்கார்ந்திருக்கும். அது ஓர் உருளையால் டயரை உரசிச் சுழற்றும். பிரெஞ்சுப் படையில் வேலை செய்து பென்ஷனில் வந்தவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்போம். அப்படி ஒருவர் அதை ஓட்டிப் போனதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஒரு நெம்புகோலை இழுத்தால் எஞ்சின் மட்டும் டயரை விட்டு எழும்பிக்கொள்ளும். பிறகு அது வெறும் சைக்கிள்தான்.

வண்டியின் ஸ்டாண்டைப் பிரெஞ்சில் ‘பெக்கீய்’ என்பார்கள். கால் ஊனமுற்றவர் கக்கத்தில் வைத்து நடக்கும் ஊன்றுகோலுக்கும் அதே சொல்தான். பொருத்தமான பெயர். தானாக நிற்க முடியாத ஒன்றை நிற்க வைப்பது ஊன்றுகோல்.

இந்த ஊன்றுகோல் அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் இரண்டாக இருந்தது. பின் சக்கர அச்சுக்குப் பக்கத்தில் கீல் போட்ட பின் ஸ்டாண்டு ஒன்று. ஓடும்போது அதைப் பின் மட்கார்டில் ஒரு கிளிப்பில் மாட்டிவிடுவார்கள். முன் போர்க்கின் அடியில் முன் ஸ்டாண்டு ஒன்று. பல வண்டிகளில் இந்த முன் ஸ்டாண்டு தனிச் சாமானாகத் தெரியாது. முன் மட்கார்டைத் தாங்கும் வளைந்த கம்பியே அதுவாக இருக்கும். அதன் திருகைக் கழற்றிக் கீழே இறக்கினால் இரண்டு காலாக ஊன்றிக்கொள்ளும். முன் சக்கரம் காற்றில் நிற்கும். இரண்டு ஸ்டாண்டையும் போட்டுவிட்டால், கடையில் காட்சிக்கு வைத்ததுபோல வண்டி முழுவதும் தரையை விட்டு நிற்கும்.

எதற்காக இவ்வளவு ஏற்பாடு? அன்றைய தெருக்களில் குதிரை வண்டிகள் ஓடின. லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் வழியெல்லாம் கிடந்தன. பஞ்சர் ஆகாமல் ஊர் போய்ச் சேர்வதே அபூர்வம். வழியில் பட்டறை கிடையாது. ஆகவே வண்டி வாங்குகிறவனே சக்கரத்தைக் கழற்றி ஒட்டிக்கொள்வான் என்று எண்ணித்தான் வண்டியைச் செய்தார்கள். சீட்டுக்கு அடியிலோ பெட்ரோல் டேங்க்கின் மேலோ ஒரு கருவிப் பெட்டி. அதில் ஸ்பானர்களும் டயர் நெம்பும் இரும்புகளும் இருக்கும். கூடவே ஒரு கையேடு. முன் ஸ்டாண்டு அந்தக் குடும்பத்தில் ஒன்று.

பிறகு சாலைகள் நல்லதாயின, டயர்கள் உறுதியாயின. இரண்டு ஸ்டாண்டுக்குப் பதிலாக எஞ்சினுக்குப் பின்புறம் அடியில் ஒரே சென்டர் ஸ்டாண்டு வந்தது. முன் ஸ்டாண்டு மெல்ல மறைந்தது. ஆனால் சென்டர் ஸ்டாண்டு என்பது ஒரு நெம்புகோல் என்பதைப் புரிந்துகொண்டவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

எங்கள் பள்ளியில் நெம்புகோலை ‘லெவியே’ என்று படித்தோம். அது தாங்கி நிற்கும் புள்ளி ‘புவேன் தாப்புயி’. வாத்தியார் கரும்பலகையில் போட்ட படம் மறந்துவிட்டது. ஆனால் நம் ஊரில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்குப் படம் தேவையில்லை. ஏற்றமரத்தின் நடுவே தாங்கல், ஒரு முனையில் சால், மறுமுனையில் ஆள் நடந்து பாரம் கொடுப்பார். ஆள் பின்னுக்கு நடந்தால் தண்ணீர் மேலே வரும். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியும் இப்படித்தான். ஸ்டாண்டுதான் தாங்கல். பின்பக்கத்தை அழுத்தினால் முன்பக்கம் எழும்பும்.

எவ்வளவு பாரம் வேண்டும்? ஒரு கணக்குப் பார்ப்போம். வண்டியின் எடை 160 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் பார மையம் ஸ்டாண்டு ஊன்றும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் நாம் அழுத்துகிறோம். 160-ஐப் பத்தால் பெருக்கி அறுபதால் வகுத்தால் 27 கிலோ கூட வராது. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றும் அதோடு ஒரு குடம் தண்ணீரும் போதும். 160 கிலோவைத் தூக்க வேண்டும் என்று பயந்துதானே நாம் பட்டறைக்குப் போகிறோம்!

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் ரெட்டிச்சிலிருந்து உதிரிகளாகக் கப்பலில் வந்த புல்லட்டுகளை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் எந்திரங்களும் இங்கேயே வந்து, பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் அந்தப் பழைய 350 சிசி புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1977-லிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தார்கள்.

அந்தப் பழைய புல்லட்டை ராணுவம் வாங்கியது, போலீஸ் வாங்கியது. எல்லையிலோ கிராமத்திலோ நின்றுபோன வண்டியைச் சரிசெய்யச் சென்னைக்கா அனுப்ப முடியும்? ஓட்டுகிறவனே செய்ய வேண்டும். ஆகவே முன் சக்கரத்தைக் கழற்றும் முறையைப் புல்லட்டின் பழைய கையேடு சுருக்கமாகவும் தெளிவாகவும் சொல்லியிருந்தது. சென்டர் ஸ்டாண்டின் இரண்டு கால்களுக்கும் அடியில் சுமார் 2 அங்குல உயரத்துக்குக் கட்டை கொடு. வண்டியைப் பின் சக்கரத்தின் மேல் சாய். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அவ்வளவுதான். முன்னால் எதையும் முட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை. ஊன்றுகோலை உயர்த்தச் சொன்னார்கள்.

அந்தப் புல்லட்டின் முன் போர்க்கும் இதற்கு ஏற்றபடி அமைந்திருந்தது. அச்சைப் பக்கவாட்டில் உருவ வேண்டியதில்லை. போர்க்கின் இரண்டு கால்களின் அடியிலும் ஒவ்வொரு மூடி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட்டு. பிரேக் கேபிளை விடுவித்து, நான்கு நட்டுகளையும் கழற்றி மூடிகளை எடுத்தால், சக்கரம் அச்சோடு முன்பக்கமாகக் கீழே இறங்கி வந்துவிடும். திரும்ப மாட்டும்போது பிரேக் தட்டிலுள்ள பிடிப்பு போர்க்கின் காலில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது உட்காராமல் வண்டியை ஓட்டினால், பிரேக் பிடித்தவுடன் தட்டு முழுவதும் சக்கரத்தோடு சுற்ற முயலும். அதன் முடிவைச் சொல்ல வேண்டியதில்லை.

திசையன்விளைப் பக்கத்தில் இந்த முறைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்முடையது தேரி நாடு. செம்மணலில் ஸ்டாண்டு போட்டால் சற்று நேரத்தில் கால் புதையும். ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் சாய்ந்து கிடக்கும். என் மைத்துனர் ராணுவத்தில் இருந்தவர், புல்லட்காரர். நான் ஓய்வு பெற்று மனைவியின் ஊரான இங்கே வந்த புதிதில் அவர்தான் காட்டிக் கொடுத்தார்.

“அத்தான், மணலுக்குக் கல்லு கொடுத்தா கல்லும் சேந்து புதையும். பலகைதான் நிக்கும்” என்றார்.

வீட்டுக் கூரையில் எஞ்சிய பனங்கைத் துண்டுகளை வைத்திருந்தார். வைரம் பாய்ந்த பனை. கீழே ஓர் அகலப் பலகை, அதன்மேல் ஸ்டாண்டின் காலுக்கு ஒன்றாக இரண்டு பனங்கைத் துண்டுகள். ரெட்டிச் கையேடு சொன்ன 2 அங்குலம், திசையன்விளையில் பனையால் நிறைவேறியது.

அவர் செய்த இன்னொரு காரியத்தை எல்லாரும் செய்ய வேண்டும். சென்டர் ஸ்டாண்டு முன்னோக்கித் தள்ளினால் மடங்கும்படி அமைந்தது. முன் சக்கரத்தோடு மல்லுக்கட்டும்போது வண்டி ஓர் அடி முன்னால் நகர்ந்தால் போதும், ஸ்டாண்டு மடங்கி வண்டி நம் மேல் வரும். ஆகவே ஸ்டாண்டின் காலிலிருந்து எஞ்சினுக்கு முன்னால் இறங்கும் சட்டக் குழாய்க்கு ஒரு நல்ல கயிறு கட்டி இறுக்கிவிடுவார். பின் சக்கரம் தரையில் இருப்பதால் வண்டியை முதல் கியரிலும் போட்டுவிடுவார். பின் சீட்டில் ஒரு மணல் மூட்டை.

ஊரில் வேறு முறைகளும் உண்டு. எஞ்சினுக்கு அடியில் செங்கல் அடுக்குவது ஒன்று. செங்கல் பாரத்தை மெதுவாக வாங்கிக்கொள்ளும், ஆனால் பக்கவாட்டில் ஓர் இடி பட்டால் உடையும். சிமெண்டு ஹாலோ பிளாக் இன்னும் மோசம். உள்ளே வெறுமை, எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். கார் ஜாக்கியை நேரடியாக எஞ்சினுக்கு அடியில் கொடுப்பார்கள். பழைய புல்லட்டில் எஞ்சினுக்கு அடியில் சட்டக் குழாய் ஓடாது. கீழே இருப்பது அலுமினிய எஞ்சின் உடலும் எண்ணெய் வடிக்கும் திருகுகளும்தான். ஜாக்கியின் சிறிய இரும்புத் தலை அதில் அழுத்தினால் விரிசல் விடும். கொடுத்தே தீர வேண்டுமென்றால் நடுவே ஓர் அகலமான பலகை வேண்டும். சைலன்சர் குழாயில் முட்டுக் கொடுப்பது எந்த வண்டிக்கும் ஆகாது.

வேப்பமரக் கிளையிலோ உத்தரத்திலோ கயிறு போட்டுக் கைப்பிடியைத் தூக்கிக் கட்டுவது மற்றொன்று. பார்க்கச் சுலபம். ஆனால் கிளை வளையும், கயிறு இழுபடும், வண்டி ஊஞ்சல்போல ஆடும். தாங்கல் கீழே வலுவாக இருந்து, சாயாமல் பிடிக்க மட்டும் மேலே கயிறு கட்டினால் அது நல்ல துணை. கயிற்றையே தாங்கலாக நம்பக் கூடாது.

புல்லட் ஒன்றுதான் என்றில்லை. 1960-ல் மைசூரில் ஐடியல் ஜாவா தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா இங்கே பிறந்து, பிறகு யெஸ்டி ஆனது. எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து வடிவமைப்பில் ராஜ்தூத்தைக் கொண்டுவந்தது. இவற்றை ஓட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சாக்கு விரித்து, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்காருவார்கள். அரசு அலுவலகத்தில் திங்கட்கிழமை யாருடைய நகக்கண் கறுப்பாக இருக்கிறதோ அவர் வண்டி வைத்திருக்கிறார் என்று பொருள்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு வேறு வசதி. கார்போல உபரிச் சக்கரம் ஒன்று, அதாவது ஸ்டெப்னி, வண்டியிலேயே இருக்கும். ஸ்டெப்னி என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. 1904 வாக்கில் அங்கேதான் மோட்டார் வாகனங்களுக்கான உபரிச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். அந்தத் தெருப் பெயர் நம் ஊர் பஞ்சர் கடைவரை வந்துவிட்டது.

1980-களில் காலம் மாறியது. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அதன் முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கி மறுகையால் சக்கரத்தைச் சுழற்றிவிடலாம். ஏற்றக் கணக்கு எதுவும் வேண்டாம். அடுத்து ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்த 100 சிசி வண்டிகள். 1984-ல் இண்ட்-சுசூகி, 1985-ல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்எக்ஸ் 100-ம். ஹீரோ ஹோண்டாவின் அந்தக் காலத்து விளம்பரம் நினைவிருக்கும். பெட்ரோலை நிரப்பு, மூடியை மூடு, மறந்துவிடு என்ற பொருளில் இருந்தது. அது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. அந்த வண்டிகள் உண்மையிலேயே அடிக்கடி கெடவில்லை. பெட்ரோலும் குறைவாகக் குடித்தன. லட்சக்கணக்கான குடும்பங்கள் அவற்றால் பிழைத்தன. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் மறந்துவிடு என்று சொன்னபோது மறந்துபோனவற்றில் முன் சக்கரமும் ஒன்று. எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும், ஆகவே எஞ்சினை மறக்க முடியாது. முன்பக்கம் கெட்டால் வண்டி நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் ஆபத்து.

அதன்பின் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கருவிப் பெட்டி சிறுத்து ஒரு ரெக்சின் பையானது. கையேட்டில் வேலை செய்யும் முறை குறைந்து, சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டு செல்லவும் என்ற வரி கூடியது. பிறகு பல வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டே இல்லை. சைடு ஸ்டாண்டு மட்டும். எடை குறையும், விலை குறையும், அழகாக இருக்கும் என்கிறார்கள். புல்லட்டில் இன்றும் இருக்கிறது. மற்றவற்றில் கேட்டு வாங்க வேண்டும், சிலவற்றில் கேட்டாலும் பொருத்த இடமில்லை.

இன்னொரு பக்கம், பந்தய வண்டிகளின் வழியாக வேறொரு கருவி வந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே அமைத்தார்கள். பந்தய வண்டியில் எடையைக் குறைக்க ஸ்டாண்டே வைக்கமாட்டார்கள். தனியாகச் சக்கரம் வைத்த இரும்புத் தாங்கியைக் கொண்டு தூக்குவார்கள். அதற்குப் பேடாக் ஸ்டாண்டு என்று பெயர். இப்போது அது சாதாரண வண்டிக்காரர்களுக்கும் விலைக்குக் கிடைக்கிறது. முன்பக்கத்துக்கு இரண்டு வகை. போர்க்கின் அடியைத் தாங்கித் தூக்குவது ஒன்று. கைப்பிடித் தண்டின் அடித்துளையில் ஒரு முளையைச் செருகித் தூக்குவது மற்றொன்று. சக்கரத்தைக் கழற்ற முதல் வகை போதும். போர்க்கையே கழற்ற வேண்டுமென்றால் இரண்டாவது வகைதான் ஆகும். எதுவாயினும் முதலில் பின்பக்கத்தைத் தாங்கியில் நிறுத்திவிட்டுத்தான் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். இறக்கும்போது முன்பக்கம் முதலில்.

இவ்வளவு பாடுபட்டு எதற்குத் தூக்க வேண்டும் என்று கேட்கலாம். தரையில் நிற்கும் முன் சக்கரம் தன் குறையைச் சொல்லாது. பாரம் எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருக்கும். தரையை விட்டு எழும்பிய சக்கரம் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

முதலில் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். ரிம் நேராகச் சுற்றுகிறதா, பிரேக் உரசுகிறதா, பேரிங்கில் கரகரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். லொடலொடவென்றால் சக்கர பேரிங் தேய்ந்துவிட்டது. பிறகு போர்க்கின் அடியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. கடைசியாகக் கைப்பிடியை விரலால் மெல்லத் திருப்புங்கள். தடையில்லாமல் இரண்டு பக்கமும் தானாக விழ வேண்டும். நேர்நிலையில் ஏதோ பள்ளத்தில் விழுந்ததுபோல நின்றால், கோன் செட்டின் கிண்ணத்தில் குண்டுகள் குழி போட்டுவிட்டன என்று அர்த்தம். நம் ஊரில் உவரிக் கடல் காற்றின் உப்பும் தேரி மணலும் கிரீஸோடு சேர்ந்தால் இது சீக்கிரமே வரும்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி தினமும் வண்டியில் வள்ளியூருக்குப் போய்வருகிறான். சென்ற வருடம் ஒருநாள் சொன்னான்.

“தாத்தா, கைய லேசா விட்டா வண்டி அங்கயும் இங்கயும் அலையுது. சர்வீஸுக்கு விட்டேன். தண்ணி அடிச்சுக் கழுவி, ஆயில் மாத்திக் குடுத்துட்டாவ. கேட்டா டயர மாத்துங்காவ.”

அவன் வண்டியில் சென்டர் ஸ்டாண்டு இருந்தது. பனங்கைத் துண்டுகளை எடுத்துவரச் சொன்னேன். ஸ்டாண்டைக் கயிற்றால் கட்டி, அவன் நண்பனைப் பின் சீட்டின் கடைசியில் உட்காரவைத்தோம். முன் சக்கரம் எழும்பியது. அவனையே கைப்பிடியைத் திருப்பச் சொன்னேன். நேராக வந்ததும் நின்றது. மறுபடி திருப்பினான், மறுபடி அதே இடத்தில் நின்றது.

“இது என்ன தாத்தா, பூட்டு விழுந்த மாதிரி?” என்றான்.

அடுத்த நாள் பட்டறையில் கழற்றியபோது கிண்ணத்தில் வரிசையாகக் குழிகள். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் துரு. மாற்றியதும் வண்டி நேராக ஓடியது. டயர் புதிது, அதில் ஒரு குறையும் இல்லை. நூறு நாள், இருநூறு நாள் நேராக ஓடியிருக்கும். என்றாவது ஒரு நாள் எதிரே லாரி வரும்போது கைப்பிடி திரும்ப மறுத்திருக்கும். அவன் அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

முன் சக்கரத்தைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு பயம் உண்டு. முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று சொல்லியே பிள்ளைகளுக்கு வண்டி பழக்கினோம். உண்மையில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் பாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடும். வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துவதே முறை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும். ஆனால் தேய்ந்த பேரிங்கையும் குழிவிழுந்த கிண்ணத்தையும் ஏபிஎஸ் சரிசெய்யாது.

புதிய வண்டிகளில் வீட்டு வேலைக்குச் சில எச்சரிக்கைகள் கூடியிருக்கின்றன. டிஸ்க் பிரேக் உள்ள முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டால், திரும்ப மாட்டும்வரை பிரேக் பிடியை யாரும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் உள்ளே இருக்கும் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்து, டிஸ்க் உள்ளே நுழையாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகி வையுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு மெல்லிய வயர் வரும். அதை இழுத்துவிடக் கூடாது. டிஸ்க்கின் மேல் எண்ணெய்க் கை படக் கூடாது. இவை தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தெரியாவிட்டால் கழற்றவே வேண்டாம். தூக்கிப் பார்ப்பதற்கும் கழற்றுவதற்கும் நிரம்ப வித்தியாசம் உண்டு. தூக்கிப் பார்த்துக் குறையைத் தெரிந்துகொண்டு, கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடலாம். டாக்டரிடம் போகிறவன் எங்கே வலிக்கிறது என்றாவது சொல்ல வேண்டாமா?

வண்டி வாங்கப்போகும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். நிறத்தையும் வேகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், கூடவே சென்டர் ஸ்டாண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பொருத்தித் தரச் சொல்லுங்கள். தனியாகப் போட்டுக்கொள்ளும் சாமானாக இருந்தால், காசைப் பார்க்காமல் போட்டுவிடுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். நம் இடுப்புக்கு அந்த வயது போய்விட்டது. பின்னால் உட்கார ஒருவர், கட்டையை நகர்த்த ஒருவர் என்று இரண்டு இளைஞர்களைக் கூப்பிடுங்கள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எங்கே பலகை வைக்க வேண்டும், எங்கே கயிறு கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும் கட்டாயமாக ஒரு முறை. கிளம்பும்போது அவர்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் பதநீரோ டீயோ கொடுத்தால், அடுத்த முறை கூப்பிடாமலே வருவார்கள். எங்கள் வீட்டுப் பனங்கைத் துண்டுகள் இப்போது தெருவில் யார் வீட்டில் இருக்கின்றன என்று எனக்கே தெரியாது. கேட்டால் யாராவது கொண்டுவந்து தருகிறார்கள்.